மூன்று சென்ட் மனையும் மலிவு வீட்டின் இலக்கணமும்

வீட்டைப் பற்றிச் சட்டம் பேசும்போது ‘மலிவு’ என்ற சொல்லையும், வீடு தேடி அலைவோர் பேசும்போது ‘கட்டுபடி’ என்ற சொல்லையும் ஆள்வது தமிழில் தானாக அமைந்துவிட்ட ஒரு வேறுபாடாகும். மலிவு என்பது பொருளின் விலையைப் பற்றிய பேச்சு. கட்டுபடி என்பதோ அந்த விலைக்கும் அதைக் கொடுக்க வேண்டியவரின் வரும்படிக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றிய பேச்சு. சந்தையில் கத்தரிக்காய் மலிந்து கிடக்கும் நாளிலும் அன்றைய கூலி கிடைக்காதவருக்கு அது கட்டுபடியாவதில்லை. அதே கத்தரிக்காயைப் பயிரிட்டவரும், பறிப்புக் கூலிக்குக் கூட விலை கட்டுபடியாகவில்லை என்றே சொல்கிறார். நிலப் பயன்பாட்டு விதிகளில் ‘மலிவு விலை வீடு’, ‘உழைப்போர் குடியிருப்பு’ ஆகிய இரண்டு தொடர்களும் எவ்வாறு வரையறுக்கப்படுகின்றன, அவ்வரையறை யாரை உள்ளே சேர்த்து யாரை வெளியே நிறுத்துகிறது என்பதை ஆராயும் இச்சொற்பொழிவு, அதற்கான களமாகச் சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் சாலையில் அமைந்த கீரப்பாளையத்தையும் அதன் பெயரால் வழங்கும் ஊராட்சி ஒன்றியத்தையும் எடுத்துக்கொள்கிறது.

ஓர் ஊரின் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை எனப் பகுத்து, எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம், மனை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், சுவருக்கும் எல்லைக்கும் நடுவே எத்தனை அடி விட வேண்டும் என்றெல்லாம் விதிப்பதே மண்டல விதி எனப்படுவது. தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் கீழ் முழுமைத் திட்டம் தயாரிக்கப்பட்ட ஊர்களில் அத்திட்டத்தின் வரைபடமே நிலத்தின் தலையெழுத்தாகிறது. மாநகராட்சி முதல் சிற்றூராட்சி வரை எல்லா இடங்களுக்கும் பொதுவாக 2019இல் வெளியிடப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கட்டடத்தின் அளவையும் இடைவெளியையும் முறைப்படுத்துகின்றன. அதற்கு முன் சிற்றூராட்சிகளுக்கெனத் தனியாக 1997ஆம் ஆண்டு விதிகள் இருந்தன. நகரத்துக்கு ஒரு விதி, கிராமத்துக்கு ஒரு விதி என்ற அந்த ஏற்பாட்டில் குறைகள் பல இருந்தாலும், கிராமம் என்பது சுருங்கிய நகரம் அன்று என்ற ஓர் ஒப்புதலாவது அதில் மறைந்திருந்தது.

மலிவு வீட்டின் இலக்கணத்தை இந்தியச் சட்டங்கள் மூன்று அளவுகோல்களால் எழுதுகின்றன: விலை, வருமானம், பரப்பு. விலையால் அளப்பதற்குச் சரியான எடுத்துக்காட்டு சரக்கு மற்றும் சேவை வரி. 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, விலை 45 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமலும், கார்பெட் பரப்பு சென்னை போன்ற பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்கும் பிற இடங்களில் 90 சதுர மீட்டருக்கும் மேற்படாமலும் உள்ள புதிய குடியிருப்பு மலிவு வீடு எனக் கொள்ளப்பட்டு 1 விழுக்காடு வரிக்கும், மற்றவை 5 விழுக்காடு வரிக்கும் உட்படுகின்றன. கார்பெட் பரப்பு என்பது வெளிச்சுவர்களையும் பால்கனியையும் மொட்டை மாடியையும் நீக்கி, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்களை மட்டும் சேர்த்துக் கணக்கிடும் புழங்கு பரப்பாகும். 90 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 969 சதுர அடி. கீரப்பாளையம் பெருநகரம் அல்லாததால் அந்த ஊருக்கும் பொருந்தும் அளவு இதுவே.

இந்த 45 லட்சத்தைக் கட்டுபடிக் கணக்கில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டி, மீதி 36 லட்சத்தை ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 32,390 ரூபாய் வரும். குடும்ப வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குப் போகக் கூடாது என்ற, உலகெங்கும் எடுத்தாளப்படும் வரம்பை ஏற்றால், அந்தத் தவணையைத் தாங்கும் குடும்பத்துக்கு மாதம் சுமார் 1 லட்சத்து 8 ஆயிரம், ஆண்டுக்கு 13 லட்சம் வருமானம் இருக்க வேண்டும். நகர்ப்புறத்துக்கான பிரதமரின் வீட்டு வசதித் திட்டமோ ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ளவரை நலிந்த பிரிவினர் என்றும், 3 முதல் 6 லட்சம் வரை உள்ளவரைக் குறைந்த வருவாய்ப் பிரிவினர் என்றும் வகுக்கிறது. வரிச் சட்டத்தின் மலிவு வீட்டை வாங்க, வீட்டு வசதித் திட்டத்தின் குறைந்த வருவாய் உச்சவரம்பைப் போல இருமடங்குக்கு மேல் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. ஒரே அரசின் இரண்டு அலுவலகங்கள் ஒரே சொல்லை இரண்டு மொழியில் பேசுகின்றன என்றே சொல்ல வேண்டும்.

அதே கணக்கை மறுபுறமிருந்து போட்டால், ஆண்டுக்கு 3 லட்சம் ஈட்டும் குடும்பம் மாதம் 7,500 ரூபாயை வீட்டுக்கென ஒதுக்கலாம். அதற்கு ஈடான கடன் 8 லட்சத்து 33 ஆயிரம். முன்பணத்தோடு சேர்த்து 10 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வீடே அக்குடும்பத்துக்குக் கட்டுபடியாகும். கீரப்பாளையம் வட்டாரத்தின் நிலமற்ற உழவுத் தொழிலாளரிடம் வரும்போது இக்கணக்கே தடுமாறுகிறது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கென அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்தால் 33,600. நடவு, களையெடுப்பு, அறுவடைக் கூலிகளையும் சேர்த்து, அறுவடை இயந்திரம் கையிலிருந்து பறித்துக்கொண்டது போக, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 30 விழுக்காட்டு விதிப்படி மாதம் 2,500 ரூபாயும் அதற்குரிய கடனாக 2 லட்சத்து 78 ஆயிரமும்தான் கிடைக்கும். அந்தக் கடனையும், பட்டா இல்லாத மனைக்கு எந்த வங்கியும் தருவதில்லை. தவிரவும், அரிசியும் எண்ணெயும் பள்ளிக்கூடச் செலவும் போக மிஞ்சுவதைக் கொண்டு வாழும் குடும்பத்தில் 30 விழுக்காடு என்பது வசதியுள்ள குடும்பத்தின் 30 விழுக்காட்டோடு ஒரே எடை உடையதன்று. அமெரிக்காவில் 1969இல் 25 விழுக்காடாகச் சட்டத்தில் புகுந்து 1981இல் 30 ஆக உயர்த்தப்பட்ட இந்த எண், பொதுத்துறைக் குடியிருப்பின் வாடகையை நிர்ணயிக்க வந்த நிர்வாக வசதியே ஒழிய, வறுமையின் உடற்கூற்றிலிருந்து பிறந்த உண்மையன்று.

மூன்றாவது அளவுகோலாகிய பரப்பு, கிராமத்துக்கு மிக அருகில் வருவது. 2016இல் தொடங்கிய ஊரகப் பகுதிக்கான பிரதமரின் திட்டம் வீட்டின் குறைந்த அளவை 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி எனவும், சமவெளிப் பகுதிக்கு உதவித் தொகையை 1 லட்சத்து 20 ஆயிரம் எனவும் வகுத்தது. தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்கென மாநில அரசு அதன்மேல் கூடுதல் தொகை சேர்க்கிறது. 2011இல் வந்த பசுமை வீடு திட்டம் சூரிய மின்விளக்கோடு கூடிய 300 சதுர அடி வீட்டைத் தந்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயில் 360 சதுர அடி வீட்டைக் குறிக்கிறது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குப் பயனாளி விரும்பும் தீப்பிடிக்காத வேறு கூரை. 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது அதன் இலக்கு.

300 சதுர அடி என்பது இருபதுக்குப் பதினைந்து. அதில் ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையற்கட்டு வைத்துவிட்டால் சுவர் ஓரம் ஒரு பீரோவுக்கும் ஒரு கட்டிலுக்கும் இடம் தீர்ந்துவிடும். டெல்டாப் பகுதியில் உழவு வேலை செய்யும் குடும்பத்துக்கு வேண்டியது அதனோடு முடிவதில்லை: சாப்பாட்டு நெல் வைக்க ஒரு குதிர் அல்லது நாலைந்து சாக்கு அடுக்க ஓர் இடம், இரண்டு ஆடு கட்ட ஒரு கொட்டகை, ஐப்பசி மழையில் நனையாமல் விறகு போட ஒரு சாய்ப்பு, மண்வெட்டியும் அரிவாளும் செருக ஓர் இறவாணம், முருங்கையும் அவரையும் ஏற ஒரு கொல்லை. கூரை வீட்டில் இவை அனைத்தும் வீட்டின் உறுப்புகளாக இருந்தன. தளவீட்டின் வரைபடத்தில் அவற்றுக்குப் பெயரில்லை. 60 சதுர அடியைப் பயனாளியின் விருப்பத்துக்கு விட்டது, தெரிந்தோ தெரியாமலோ, இந்தத் தேவைக்கு வழிவிட்ட நல்ல விதி. ஆயினும் கொல்லை இருப்பதும் இல்லாததும் வீட்டுத் திட்டத்தைப் பொறுத்ததன்று, மனையைப் பொறுத்தது; இங்கேதான் மேற்சொன்ன மூன்று அளவுகோல்களும் ஒருசேரக் கைவிடுகின்றன. விலையும் வருமானமும் பரப்பும் வீட்டை அளக்கின்றன. வீடு நிற்க ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது என்று மூன்றும் எடுத்த எடுப்பிலேயே கொண்டுவிடுகின்றன. கனவு இல்லத்துக்கு முதல் தகுதி கூரை வீட்டில் வாழ்வது. அதோடு அந்த இடம் தமக்கே உரியது என்று காட்டும் பட்டாவும் கையில் இருக்க வேண்டும்.

பெருநகர விதிகள் இச்சிக்கலை வேறு வழியில் தீர்க்க முயன்றுள்ளன. 2008இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் விதிகளின்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் குடியிருப்புத் தொகுதி கட்டுவோர், சாலைக்கு விட்டது போக எஞ்சிய நிலத்தில் 10 விழுக்காட்டை ஒதுக்கி, ஒவ்வொன்றும் 45 சதுர மீட்டருக்கு மேற்படாத வீடுகளைக் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்காக அங்கேயோ 2 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளோ கட்டித் தர வேண்டும்; அவ்வீடுகளை இணைத்துப் பெரிதாக்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ கூடாது. மனைப்பிரிவுகளுக்கும் இதே போன்ற பத்தில் ஒரு பங்கு விதி உண்டு. உள்ளே சேர்த்துக்கொள்ளும் மண்டல விதி என்று நகரமைப்பு நூல்கள் இதை அழைக்கின்றன. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்காமரி மாவட்டம் 1974லேயே இத்தகைய விதியைக் கட்டாயமாக்கியது. இவ்விதியின் நுட்பம் 2 கிலோமீட்டர் என்ற சொற்றொடரில் இருக்கிறது. வீட்டு வேலைக்கும் காவல் வேலைக்கும் வருவோர் நடந்து வரும் தூரத்தில் இருக்கட்டும், அதே வாசலில் வேண்டாம் என்ற சமூக மனப்பான்மைக்கு அது எழுத்து வடிவம் கொடுத்தது. வீடு கட்டித் தருவதற்குப் பதிலாகத் தங்குமிடக் கட்டணம் செலுத்திவிடும் வழி பின்னர் திறக்கப்பட்டதும், அந்த 2 கிலோமீட்டரும் கூடக் கரைந்து போனது. பணம் எங்கே செலவாகிறதோ அங்கே வீடு எழும்.

கீரப்பாளையத்துக்கு இந்த ஏற்பாட்டில் பொருள் எதுவும் இல்லை. பெரும் கட்டுநர் ஒருவர் வந்து பெரும் இலாபம் பார்க்கும் இடத்தில்தான் அந்த இலாபத்தில் பத்தில் ஒன்றைப் பொதுவுக்குக் கேட்க முடியும். ஒரு ஹெக்டேர் என்பது 247 சென்ட். சிற்றூர் ஓரத்து மனை வணிகம் பெரும்பாலும் அதற்குள்ளேயே நடந்து முடிந்துவிடக் கூடியது. விதி ஓர் எல்லையைக் குறித்துவிட்டால் வணிகம் அந்த எல்லைக்கு ஒரு சென்ட் குறைவாக நின்றுகொள்ளும் என்பது பத்திர எழுத்தர் எவருக்கும் தெரிந்த பாடம்.

உழைப்போர் குடியிருப்பு என்ற தொடரின் வரலாறு வேறு. அமெரிக்க உள்ளூராட்சி விதிகளில் ஒரு வட்டாரத்துக் குடும்பங்களின் வருமானத்தை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை இடைநிலை வருமானம் என்று கொண்டு, அதில் 80 விழுக்காடு வரை ஈட்டுவோருக்கானது மலிவு வீடு என்றும், அதற்கு மேல் ஏறத்தாழ 120 விழுக்காடு வரை ஈட்டுவோருக்கானது உழைப்போர் குடியிருப்பு என்றும் வகுப்பது பரவலான வழக்கம். புளோரிடா மாநிலச் சட்டம் சில இடங்களில் இந்த உச்சத்தை 140 விழுக்காடு வரை நீட்டுகிறது. ஆசிரியர், செவிலியர், காவலர், தீயணைப்பு வீரர் ஆகியோர் தாம் பணிபுரியும் ஊரிலேயே குடியிருக்க முடியாமல் போனதால் பிறந்த சொல் அது. மலிவு வீடு என்றதும் எதிர்ப்புத் தெரிவிக்கும் அக்கம்பக்கத்தார் உழைப்போர் குடியிருப்பு என்றால் சற்று இளகுவதும் அச்சொல் பெருகியதற்கு ஒரு காரணம். ஏழை என்ற சொல்லை மறைக்க உழைப்பு என்ற சொல் போர்வையாயிற்று. 1926இல் யூக்ளிட் என்ற சிற்றூரின் மண்டல விதி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தனி வீடுகளின் நடுவே அடுக்குக் குடியிருப்பு வருவதையே தீங்காகக் கருதிய பார்வை சட்டத்தில் இடம்பெற்றது. மனை மிகப் பெரிதாக இருக்க வேண்டும் என்று விதித்தே ஏழைகளை ஊருக்கு வெளியே நிறுத்த முடியும் என்பதை, 1975இல் மவுண்ட் லாரல் வழக்கில் நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் கண்டித்தது. தலைமுறைகளாக அந்த ஊரிலேயே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே வீடு எடுக்க வழியில்லாமல் போனதே அவ்வழக்கின் வேர்.

தமிழ்நாட்டில் யாரும் மனையைப் பெரிதாக்கச் சொல்லி ஒருவரை விலக்கவில்லை. அதற்குத் தேவையே இருந்ததில்லை. வருவாய்த் துறையின் அ-பதிவேடு, நவீன மண்டல விதிகளுக்கு நெடுங்காலம் முன்பே கிராமத்தை நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு எனப் பகுத்துவிட்டது. நத்தம் என்பது ஊர் மக்கள் குடியிருக்கவென ஒதுக்கப்பட்ட, நிலவரி விதிக்கப்படாத இடம். பழைய பதிவேடுகளில் அதுவும் கிராம நத்தம், சேரி நத்தம் என இரண்டாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். சாதியின் தூரத்தை அளந்து வைத்த அந்த இரண்டு சொற்களைவிடத் தெளிவான மண்டல வரைபடம் எந்த நகரமைப்பு வல்லுநராலும் வரையப்பட்டதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்கள்தொகையில் சுமார் 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஆகவே சேரி நத்தத்தின் பரப்பு எவ்வளவு என்ற கேள்வி இம்மாவட்டத்தில் ஓரத்துக் கேள்வியன்று.

இந்தப் பின்னணியில்தான் 2020இன் சட்டத்தைப் படிக்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல வளர்ச்சிச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு புதுக்கோட்டை, கடலூர் மாவட்டங்களின் சில ஒன்றியங்களையும் தன் அட்டவணையில் சேர்த்தது. கடலூரில் காட்டுமன்னார்கோவில், குமராட்சி, மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகியவற்றோடு கீரப்பாளையமும் அதில் பெயர் குறித்து எழுதப்பட்டது. சுமார் 45,000 ஏக்கருக்குப் பாசனம் தரும் வீராணம் ஏரியை நம்பிய வட்டாரம் என்ற வகையில் அச்சேர்க்கை நியாயமானதே. துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்பு எஃகு ஆலைகள், தோல் பதனிடும் தொழிற்சாலை, கப்பல் உடைக்கும் தொழில், நிலக்கரிப் படுகை மீத்தேன் உள்ளிட்ட எண்ணெய், எரிவாயு எடுப்பு ஆகியவற்றுக்கு அது புதிதாக இடம் தர மறுக்கிறது. அந்தப் பட்டியலில் வீட்டுமனைப் பிரிவு இல்லை. வயலைக் கூறு போட்டுக் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, ‘நகர்’ என்று பெயர் வைக்கும் தொழில் இச்சட்டத்தின் கண்ணில் வேளாண்மைக்கு எதிரானதாகத் தெரியவில்லை. உழவரைக் காக்க வந்த சட்டம் நிலத்தை மண்டலமாக்கியது; அந்த மண்டலத்தில் உழைப்பவர் எங்கே குடியிருப்பார் என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

மனைப்பிரிவைக் கட்டுப்படுத்தும் வேலையை வேறு விதிகள் செய்கின்றன. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு 2017ஆம் ஆண்டு விதிகளின்படி நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியும், மாவட்ட ஆட்சியரின் இசைவும், நஞ்சையாயின் வேளாண் துறையின் கருத்தும் வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட தடைக்குப் பின், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் தனி விதிகள் வந்தன. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறை, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணைய வழியில் உடனடி அனுமதி தருகிறது. ஒவ்வொன்றும் தன்னளவில் தேவையான சீர்திருத்தமே. ஆயினும் இவை அனைத்தும் பத்திரம் உள்ளவரைப் பற்றிய விதிகள். வாய்க்கால் கரையிலும் சாலைப் புறம்போக்கிலும் குடியிருப்பவர் இவற்றில் எந்த ஒன்றின் வாசலையும் மிதிப்பதில்லை. நத்தத்தில் இருப்பவருக்கும், நத்தம் நிலவரித் திட்டத்தில் தரப்பட்ட தோராயப் பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருந்தால், மூன்று பேரப்பிள்ளைகளில் யார் பெயரில் வீடு ஒதுக்குவது என்ற சிக்கல் எழுகிறது.

இவ்வளவு வரையறைகளுக்கும் நடுவே, உழைப்போர் குடியிருப்புக்கு மிகக் கூர்மையான இலக்கணத்தை எழுதிய சட்டம் அரை நூற்றாண்டுக்கும் முந்தையது என்பது வியப்பளிக்கலாம். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் என்பதே அது. அதன் ஆங்கில மூலத்திலும் குடியிருப்பு என்ற தமிழ்ச் சொல்லே அப்படியே ஆளப்பட்டது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடில்லை என்பதை வரைவாளர் உணர்ந்திருந்தனர் போலும். மிராசுதாரின் நிலத்தில் அவருடைய பண்ணைக்கு உழைத்தவர் தாம் போட்டுக்கொண்ட குடிசைக்கு வாடகை தரவில்லை. தம் உழைப்பைத் தந்தார். வேலையை விட்டால் குடிசையும் போயிற்று. கூலி உயர்வு கேட்டாலும் குடிசை போயிற்று. வீடே விலங்காக இருந்த ஏற்பாடு அது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அது தஞ்சை மாவட்டத்துக்கென இயற்றப்பட்டதால், கொள்ளிடத்துக்கு வடக்கே அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த சிதம்பரம் வட்டாரம் அதன் எல்லைக்கு வெளியே நின்றது. ஆற்றின் இரு கரையிலும் ஒரே நெல், ஒரே பண்ணை முறை, ஒரே குடிசை என்றாலும் சட்டம் ஆற்றைத் தாண்டவில்லை. 1961இல் வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு வந்தது. கீழ்வெண்மணியில் உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்ட 1968க்குப் பின்னர், 1971இல் உரிமையே வந்தது.

அச்சட்டம் குடியிருப்பு என்பதை விலையால் அளக்கவில்லை. சதுர அடியால் அளக்கவில்லை. வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. 1971 ஜூன் 19 அன்று ஓர் உழவரோ உழவுத் தொழிலாளரோ குத்தகைதாரராகவோ உரிமையாளரின் இசைவின் பேரிலோ குடியிருந்த வீட்டின் அல்லது குடிசையின் மனை, அதோடு அந்த வீட்டின் புழக்கத்துக்குத் தேவையான ஒட்டிய நிலம், இவை அவருக்கே உரியவை என்று அறிவித்தது. புழக்கத்துக்குத் தேவையான ஒட்டிய நிலம் என்ற அந்தத் தொடரில் ஆட்டுக் கொட்டகையும் விறகுச் சாய்ப்பும் கொல்லையும் அடங்கிவிட்டன. வீடு என்பது சுவர்களுக்கு உள்ளே இருப்பது மட்டுமன்று என்பதை அந்த வரைவாளர் அறிந்திருந்த அளவுக்குக் கார்பெட் பரப்பின் வரைவாளர் அறிந்திருக்கவில்லை. யார் உழைக்கிறார், எங்கே ஏற்கெனவே வாழ்கிறார் என்ற இரண்டே கேள்விகளால் உழைப்போர் குடியிருப்பை வரையறுத்து, வேலைக்கும் வீட்டுக்கும் இருந்த பிணைப்பை அறுத்து, வீட்டை மட்டும் உழைப்பவரிடம் விட்டது என்பதே அச்சட்டத்தின் தனிச்சிறப்பு.

அதன் குறையும் அந்தத் தேதியிலேயே இருக்கிறது. ஜூன் 19 அன்று குடியிருந்தவருக்கு மனை கிடைத்தது. ஜூன் 20க்குப் பின் பிறந்தவருக்கு அந்த மனையில் பங்கு மட்டுமே கிடைத்தது. இரண்டு தலைமுறை கடந்ததும், ஒரு குடிசை நின்ற இடத்தில் மூன்று அடுப்பு எரிகிறது. கொல்லை அண்ணன் வீடாகவும் தாழ்வாரம் தம்பி வீடாகவும் மாறிவிட்டன. ஆதிதிராவிடர் மனைகளுக்கென நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டம் வந்தது. அதன் கீழ் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் வழியாக எழுந்த குடியிருப்புகளே இன்று ஊர்தோறும் காலனி என்று வழங்குபவை. கிராமப்புறத்தில் ஒரு குடும்பத்துக்கு மூன்று சென்ட் என்பது இலவச மனைப் பட்டாவின் பழகிப்போன அளவு. அது 1,307 சதுர அடி. பெற்றவருக்கு அது போதியது; மூன்று பங்காகப் பிரிந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு சென்டே.

வீட்டை வேலையோடு பிணைக்கும் ஏற்பாட்டுக்கு எடுத்துக்காட்டாக இதே மாவட்டத்தில் நெய்வேலி இருக்கிறது. 1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்கென எழுந்த நகரியம், எண்ணிட்ட வட்டங்களும் மரம் அடர்ந்த சாலைகளும் பதவிக்குத் தக்க வீட்டு வகைகளுமாகத் திட்டமிடப்பட்டது. ஓய்வு பெற்றதும் வீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே எழுதாமலே விளங்கும் விதி. ஒப்பந்தத் தொழிலாளர் பெருகிய பின், நகரியத்தின் சொல்லகராதியில் ‘உழைப்பவர்’ என்றால் நிரந்தர ஊழியர் என்று பொருள் சுருங்கிற்று. 2024 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் சிப்காட் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பு, 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பேர் தங்குவதற்கானது. அங்கே அலகு வீடன்று, படுக்கை. ஊர்விட்டு வந்த இளம்பெண்ணுக்குப் பாதுகாப்பான படுக்கை பெரிய வரம் என்பதில் ஐயமில்லை. டெல்டாவின் கிராமங்களிலிருந்தும் பெண்கள் அத்தகைய தொழிற்சாலைகளை நாடிச் செல்கின்றனர். ஆனால் அவர்கள் திரும்பி வரும் ஊரில் தாய் தந்தையின் மூன்று சென்ட் எத்தனை பங்காயிற்று என்பது அந்தப் படுக்கையின் கணக்கில் சேர்வதில்லை.

கீரப்பாளையம் போன்ற ஒன்றியத்தில் மண்டல விதி உழைப்போரை மனத்தில் கொண்டு எழுதப்படுமானால், அது தேட வேண்டியது நத்தத்தின் விரிவாக்கம். வேளாண் மண்டலம் என்று அறிவித்த அதே கையால், ஒவ்வோர் ஊராட்சியிலும் அடுத்த இருபது ஆண்டுக்கு எத்தனை குடும்பம் பிரியும், அவற்றுக்கு எந்தப் புல எண்ணில் இடம் என்று குறித்து வைப்பது இயலாத காரியமன்று. நூறு குடும்பத்துக்கு மூன்று சென்ட் வீதம் மூன்று ஏக்கர்; தெருவும் வடிகாலும் மின்மாற்றி நிற்க ஓரிடமும் சேர்த்தால் நாலரை ஏக்கர் ஆகலாம். ஓர் ஊரின் நஞ்சைப் பரப்பில் இது ஒரு மடைக்குக் கீழே அடங்கிவிடும். நஞ்சையைத் தொடாமல் வேளாண்மையைக் காப்பதாகச் சொல்லும் வாதம், அந்த நஞ்சையில் நாற்று நடுபவரைச் சாலைப் புறம்போக்கில் நிறுத்தி வைத்துக்கொண்டு பேசப்படும் வரை வலுவற்றதே. மனை வணிகத்துக்குப் போகும் நஞ்சையோடு ஒப்பிட்டால் இந்த நாலரை ஏக்கர் பொருட்டாகாது.

இடையூறு வேறோர் இடத்தில் இருக்கிறது. ஊரின் மேட்டு நிலம் முழுவதும் முதலிலேயே நத்தமாகிவிட்டது. கோயிலும் அக்கிரகாரமும் ஊர்த் தெருவும் அதன் உச்சியில், சேரி அதன் சரிவில். இனி எடுக்கக் கிடைப்பது தாழ்ந்த வயலே. வடகிழக்குப் பருவமழையில் வீராணத்துக்குக் கீழ் உள்ள வடிகால்கள் நிரம்பி, ஐப்பசி கார்த்திகையில் வயலில் முழங்கால் அளவு நீர் பல நாள் நிற்கக் கூடிய வட்டாரம் இது. அங்கே மூன்று சென்ட் மனை ஒதுக்கப்பட்டால், சாலை மட்டத்துக்கு உயர்த்தக் குறைந்தது மூன்றடி மண் அடிக்க வேண்டும். 1,307 சதுர அடிக்கு மூன்றடி என்றால் ஏறத்தாழ 3,900 கன அடி. டிப்பர் லாரிக்கு 200 கன அடி என்று வைத்தாலும் இருபது நடை சவுடு மண். கனவு இல்லத்தின் மூன்றரை லட்சம் அடித்தளத்திலிருந்து மேலே எழும் 360 சதுர அடிக்கானது. அதற்குக் கீழே கொட்டப்படும் இந்த இருபது நடைக்குப் பயனாளிதான் கந்து வட்டிக்குப் பணம் பார்க்க வேண்டியிருக்கும்.